பிள்ளையாருக்கு ஒண்ணாம் நம்பர்

கொஞ்சம் அக்கட்டால நகந்துக்கறீங்களா தம்பி? இந்தப் பைய நடுவால வெக்கோணும். கீழ வெக்கக் கூடாதுங்க, உள்ள சாமி சாமான். ஆ, போதும் போதும். நல்லாருப்பீங்க.

பழனிக்குங்களா? நான் தாராபுரத்துல எறங்கிக்குவேன். அந்த முதுகுப் பையில என்னங்க, லேப்டாப்பா? என்ன சோலிங்க உங்களுக்கு? நெட்வொர்க்கா? கோயமுத்தூர்ல, கம்பெனி கம்பெனியாப் போயி? அட சாமீ! ஏனுங்க, அந்த சுவிட்ச்சு எல்லாம் உங்களுக்கு அத்துபடிங்களா? ஃபேன் சுவிட்ச்சு இல்லீங்க. பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுமே, பொட்டியாட்டம், நெறையா ஒயரு சொருகி. மேனேஜ்டு சுவிட்ச்சும்பாங்களே. அதேதான்.

அப்ப ஒரு நாயம் கேக்கறேன், நீங்க பொதுவா நின்னு சொல்லோணும். என்ற பேரு நாச்சிமுத்து. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில அட்மின் மேனேஜர். முந்தி டைம் ஆபீஸ்ல இருந்தேன், ஆரு எப்ப வந்தா, ஆரு எப்பப் போனான்னு பாக்கறது. ஆளுகளை வரிசையில நிறுத்தறதுல என்னை மிஞ்ச ஆளில்லைன்னு மொதலாளியே சொல்லுவாரு. அதனாலதான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எச்சாகி, இந்த சுவிட்ச்சு வந்தப்ப, "நாச்சிமுத்து, இதை நீயே பாத்துக்கோ"ன்னுட்டாரு. மேனேஜ் பண்ற சுவிட்ச்சுன்னா மேனேஜர்தானுங்க பாக்கோணும்?

மாட்ட வந்த பையன் சொன்னான், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் குடுக்கோணும், ஊட்டுக்குக் கதவு நம்பர் இருக்கறாப்பல, ஐ.பி. அட்ரஸ்னு பேரு, முன்னால இருக்கறது எல்லாருக்கும் ஒண்ணுதான், கடைசி நம்பர் மட்டும் ஆளுக்கு ஆளு வேற வேற இருக்கோணும்னு. "அந்தக் கடைசி நம்பரை ஆரு குடுக்கறது?"ன்னேன். "நீங்களே போட்டுக்கங்க, ஒருத்தருக்குக் குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்காதீங்க"ன்னான். அம்புட்டுத்தான் சொன்னான். போயிட்டான்.

எனக்கா தெரியாது? பந்தியில உக்கார வெக்கறதாகட்டும், சீர் தட்டு எடுக்கறதாகட்டும், எங்க பக்கம் எதுக்குமே வரிசை இருக்குதுங்க. எடுத்ததும் மொதலாளிக்கு ஒண்ணுன்னு சொன்னேன். அவரு நாக்கைக் கடிச்சுட்டு, "எனக்கு முன்னால அவரு இருக்கறாரில்ல?"ன்னு வாசலைக் காட்டுனாரு. வாசல்ல பிள்ளையாரு. அவருக்கு ஒரு பாட்டுப் பொட்டி வெச்சிருந்தோம். அதுக்கும் ஒரு ஒயரு சுவிட்ச்சுல இருந்து போகுது, ஆபீஸ்ல உக்காந்துட்டே பாட்டு மாத்தலாம். ஒயரு போகுதுன்னா அவரும் கணக்குல சேத்திதானுங்களே? பிள்ளையாருக்கு ஒண்ணு. மொதலாளிக்கு ரெண்டு. அவங்க ஊட்டம்மாவுக்கு மூணு. அந்தம்மா ஆபீசுக்கு வர்றதே இல்லீங்க, இருந்தாலும் எடம் போட்டு வெக்கோணுமில்ல.

ஒடனே சண்டை. குவாலிட்டிக்காரன் எட்டு வேண்டாங்கறான், சனியாமா. அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு ஒம்பதுதான் வேணுமாமா, சோசியர் சொல்லீட்டாராமா. ஒருத்தனுக்கு மெர்ச்சண்டைசரா புரமோசன் வந்துச்சு. அவனை மேல ஏத்தோணும்னா மத்தவங்களை எல்லாம் ஒவ்வொரு நம்பரா கீழ எறக்கோணும். அன்னிக்குப் பூராவும் கம்பெனியில ஒரு லெட்டர் அடிக்கல. சாயங்காலம் எல்லாரும் நம்பர் மாறி உக்காந்தாச்சுன்னு ஆனப்ப, அடடா, தேர் நிலைக்கு வந்து சேந்தாப்பல இருந்துச்சுங்க எனக்கு.

இப்பத்தான் முக்கியமான நாயத்துக்கு வர்றேன். தூங்கீறாதீங்க.

அந்தப் பாட்டுப் பொட்டியக் காலைல பூசை நேரத்துக்கு மட்டுந்தான் போடுவோம். மொத நாள் பண்டாரம் வந்து சூடத்தைப் பத்த வெக்கறாரு, நான் பொட்டியப் போடறேன், பாட்டு ஆரம்பிக்குது. உள்ளருந்து ஒரே சத்தம், "நெட்டு போச்சு, நெட்டு போச்சு"ன்னு. பூசை முடிஞ்சு பொட்டிய அமத்தறேன், நெட்டு வந்துருச்சு. மக்கா நாளும் அப்புடியேதான். பாட்டு போட்டா நெட்டு நிக்குது, பாட்டு நின்னா நெட்டு வருது. எனக்குச் சிலுத்துப் போச்சுங்க. சாமி, "என்ற நேரத்துல ஆரும் வேலை பாக்கக் கூடாது"ன்னு நிறுத்தறாரு!

அதுக்கு முன்னால பூசைக்கு ஆரு வருவாங்கறீங்க? பண்டாரம், நானு, வாட்ச்மேனு. அதுல வாட்ச்மேன் அங்கயே நிக்கற ஆளு, அவரை வந்தவருன்னு சொல்ல முடியாது. நெட்டு நிக்க ஆரம்பிச்சதுக்கப்பறம் ஆபீசே எந்திரிச்சு வெளிய வந்துருச்சு. சும்மா உக்காந்து என்ன பண்றது, சாமியாவது கும்பிடலாம்னு கன்னத்துல போட்டுக்கறாங்க, தோப்புக்கரணம் போடறாங்க. சுண்டல் பத்தாம சண்டை வந்துச்சுன்னாப் பாத்துக்கங்க. மொதலாளி ஒரு நாள் நம்ம பனியன் வாங்கற ஆஸ்திரேலியாக்காரங்கூட வீடியோவுல பேசீட்டிருக்கறாரு, பாட்டு கேட்டிருச்சு. அவனுக்கும் பழகிப் போச்சு போலிருக்குது, கையக் கூப்பிக் கண்ணை மூடிக்கிட்டான். கை கூப்பினபடியே அப்புடியே நின்னுட்டானுங்க, திரையில. பண்டாரம் தட்டோட ரூமுக்குள்ள வந்தவரு, மொதலாளிக்குக் காட்டிட்டு, அந்தத் திரைக்கும் ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டுப் போனாரு.

மொதலாளிக்குக் கூட்டத்தைப் பாத்து ரொம்ப சந்தோசம். எல்லாருக்கும் முன்னால என்ற தோள்ல கை போட்டுச் சொன்னாருங்க: "இத்தனை ஆளைக் கூட்டி வெச்சது நாச்சிமுத்துதான். இந்த வருசாபிசேகத்துக்குப் பரிவட்டம் அவனுக்குத்தான்."

பரிவட்டமுங்க! உங்களுக்கு அது பெருசாத் தெரியாது. எங்க குலதெய்வத்துக் கோயில்ல என்ற பங்காளி வெள்ளியங்கிரிக்கு வருசா வருசம் தலையில பட்டுத் துணி கட்டி, மாலை போட்டு, மொத விபூதி குடுப்பாங்க. நான் பொறத்தால நின்னு அவன் முதுகைப் பாத்துட்டே இருந்திருக்கறேன். அவன் முதுகுல ஒரு மச்சம் இருக்குது, எனக்கு மனப்பாடம். எங்க ஊட்டுக்காரி, "ஊருக்கு எளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டியாமா, நீங்க கம்பெனிப் பிள்ளையாருக்கு ஆண்டி"ம்பா. வயிறு எரியுமுங்க. அந்தத் துணி ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்ற தலையில ஏறோணும், நாலு பேரு பாக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. போட்டோ எடுத்து வெள்ளியங்கிரிக்கு அனுப்பீட்டா என்ற சென்மம் தீந்துச்சு.

அப்பத்தான் அந்தப் புள்ளை வந்து சேந்துச்சு.

தமயந்தின்னு பேரு, மதுரைப் பக்கம். அந்த ஆஸ்திரேலியாக்காரந்தான் மொதலாளிகிட்டச் சொன்னானாமா, "நான் கும்பிடறதுக்குக் கூட ரெடி, ஆனா பேச்சு பாதியில நிக்கக் கூடாது, ஒரு ஆளை வெச்சுப் பாருங்க"ன்னு. வந்ததும் சுவிட்ச்சுக்கு நேரா லேப்டாப்பை வெச்சு உக்காந்துக்கிச்சு. "அண்ணே, நம்பரெல்லாம் கையிலயா போட்டிருக்கீங்க? இனிமே உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லண்ணே. சுவிட்ச்சுலயே டி.எச்.சி.பி. போட்டு விட்டுர்றேன். அதுவே நம்பர் குடுத்துக்கிரும்"னுச்சு.

"அதுவேன்னா? ஆரைக் கேட்டு அம்மிணி?"

"யாரையும் கேக்காதுண்ணே. ஒயரைச் சொருகுனா, காலியா இருக்கற நம்பர்ல ஒண்ணைத் தூக்கிக் குடுத்துரும்."

"மொதலாளிக்கு?"

"அவருக்கும் அப்படித்தான்."

"அவரு மொதலாளின்னு அதுக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாதுண்ணே."

இதைச் சிரிச்சுட்டே சொல்லுதுங்க! அப்பறம் சொல்லுது, குடுத்த நம்பரும் நெலையா இல்லையாமா, குத்தகைக்குத்தானாமா. எட்டு மணி நேரத்துக்குக் குத்தகை. ஆளு இருந்தாப் புதுப்பிச்சுக்குமாமா, இல்லாட்டி எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துருமாமா. "ஏம்மிணி, சொந்தக் கம்பெனியில மொதலாளி குத்தகைக்கு உக்காரறதா?"ன்னேன். அதுக்கும் சிரிப்பு.

அன்னிக்கு மத்தியானமே பண்ணிருச்சு. முன்னால இருக்கற பத்து நம்பரை மெசினுகளுக்குன்னு ஒதுக்கி வெச்சுருச்சு. ஏனுங்க, இது அடுக்குங்களா? பிரிண்டருக்கு நாலு. மொதலாளிக்கு நாப்பத்தேழு. டீ போடற ஆறுச்சாமி செல்போனை வைஃபையில போட்டிருந்திருக்கறான், அவனுக்கு வந்துச்சு பாருங்க பதினொண்ணு. ஆளுகள்ல அவந்தான் மொத ஆளு! கிளாசோட வந்து என்னையக் கேக்கறான், "அண்ணா, எனக்குப் பதினொண்ணு வந்திருக்குதாமா, அது நல்ல நம்பருங்களா?"ன்னு. "ரொம்ப நல்ல நம்பருடா, மொதலாளிக்கே முப்பத்தாறு பேருக்கு முன்னால நிக்கற"ன்னேன். அவன் பயந்துட்டு, ரெண்டு நாளு மொதலாளி ரூமுக்கே டீ கொண்டுக்கிட்டுப் போகல.

அவங்கவங்க என்னென்ன சண்டை போடுவாங்களோன்னு நெனைச்சேன். ஒருத்தரும் வாயத் தொறக்கலீங்க. சனி சனின்னவனுக்கு எம்பது வந்திருக்குது, அதைப் பாக்கக்கூட இல்ல அவன். என்ற மேசைக்கு ஒரு ஆளு வர்றதில்ல.

மக்கா நாள் காலைல பூசை. பாட்டு போட்டேன், நெட்டு நின்னுச்சு. "பாத்தயா அம்மிணி, சாமி உன்ற சுவிட்ச்சுக்கெல்லாம் அடங்க மாட்டாரு"ன்னேன். அது திரையப் பாக்குது, வெளிய பாக்குது. "அண்ணே, இந்த சுவிட்ச்சோட சொந்த நம்பர் ஒண்ணு. எல்லாரும் வெளிய போறதுக்கு அதைத்தான் தேடி வருவாங்க. ஆனா வாசல் பக்கம் இன்னொருத்தர் ஒண்ணுல உக்காந்துருக்காரு. அவர் முழிச்சதும் எல்லாரும் அவர்கிட்டப் போயி மாட்டிக்கிறாங்க. யாருண்ணே அது?"

"ஆருன்னு கேக்கற? பிள்ளையாரு."

"பிள்ளையாருக்கு ஐ.பி. குடுத்தது யாரு?"

"நாந்தான்!"னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சுதுங்க. பொறவு அவரையும் தானா நம்பர் வாங்கிக்கறாப்பல மாத்தோணுமுன்னுச்சு. நான் உடுவனா? மொதலாளிகிட்டப் போயி நின்னேன். "கும்பாபிசேகம் பண்ணி உக்கார வெச்ச சாமிய எடம் மாத்தறதுன்னா பூ வாக்குக் கேக்காம முடியாதுங்க"ன்னுட்டேன். அவரும் ரோசனை பண்ணி, "அதும் சரிதான், நம்ம ஊட்டுல போர் போடறதுக்கே கேட்டோம்"னாரு.

கேட்டோமுங்க. வெள்ளைப் பூ ஒரு எலையில, சேப்பு அரளி ஒரு எலையில, வெளிய தெரியாம மடிச்சுச் சாமி முன்னால போட்டாச்சு. வெள்ளை வந்தா எறங்கிக்கறேன்னு அர்த்தம், சேப்பு வந்தா எறங்க மாட்டேன்னு அர்த்தம். எடுக்கறது ஆறுச்சாமி. சேப்பு, சேப்புன்னு நான் மனசுக்குள்ள கதறீட்டிருக்கறேன். பிரிச்சான். வெள்ளை.

எனக்குப் பொக்குன்னு போச்சு. ஆனா வாக்கு வந்தா வந்ததுதானுங்களே. மொறையோட செய்யோணும்னு மட்டும் சொன்னேன். பண்டாரத்தை உட்டு நேரம் பாத்து, கலசம் வெச்சு, மேளக்காரரை வரச் சொல்லி, கெட்டிமேளம் கொட்டறப்ப அந்தப் புள்ளை எண்டர் தட்டோணும்னு ஏற்பாடு. அது தட்டுச்சு. பிள்ளையாருக்கு நூத்தி முப்பத்தாறு வந்துச்சு. பண்டாரம் "நல்ல நம்பரு, கூட்டினா பத்து, கூட்டினா ஒண்ணு, சாமி ஒண்ணுலயேதான் இருக்கறாரு"ன்னு என்னைத் தேத்துனாரு. எனக்குத் தேறல.

அதுக்கப்பறம் பாட்டு போடறேன், நெட்டு அது பாட்டுக்கு ஓடுது. ஒருத்தர் எந்திரிச்சு வரோணுமே? ஈ காக்கா இல்ல. தட்டை எடுத்துட்டு உள்ள போனா, காதுல ஒயரை மாட்டிட்டு, திரைய உட்டுக் கண்ணை எடுக்காம விபூதிக்கு நெத்திய நீட்டறாங்க. சுண்டல் மீந்து ஊசிப் போகுது. மொதலாளி சன்னல்ல எட்டிப் பாத்து, "என்ன நாச்சிமுத்து, கூட்டத்தைக் காணோம்? பரிவட்டம் ஆருக்குன்னு மறுக்கா ரோசனை பண்ணோணுமாட்ட இருக்குதே"ன்னாரு. சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு. நான் அன்னிக்குச் சோறு திங்கலீங்க.

"நெட்டு நின்னதாலதாண்ணே வந்தாங்க, சாமிக்காக இல்ல"ங்குது அந்தப் புள்ளை. இது ஒரு பேச்சா? நம்பரை எறக்கினதுல சாமிக்கு வெசனம், அதான் ஆளை இழுக்க மாட்டீங்கறாரு. வெள்ளைப் பூ குடுத்தாரேங்கறீங்களா? நான் ரோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. ஊட்டுல கோவத்துல "நான் போறேன்"னு சொன்னா, போகட்டுமுன்னு அர்த்தமுங்களா? புடிச்சு நிறுத்தோணும்னு அர்த்தம்.

என்னங்க? ஆருமே வர்றதில்லையான்னா, அந்தப் புள்ளை வரும். தெனமும் வந்துரும். பாட்டு முடியற வரைக்கும் கண்ணை மூடி ஓரமா நின்னுட்டு, விபூதி வெச்சுட்டுப் போகும். அது ஒண்ணை வெச்சுக் கூட்டமுன்னு சொல்ல முடியுங்களா?

நாளைக்கு வருசாபிசேகம். துணி வாங்கியாச்சு, பட்டு, ஓரத்துல சரிகை. நாளைக்குக் காலைல அந்த வாசல் காலியாக் கெடந்தா, மொதலாளி அந்தத் துணியச் சாமிக்கே சாத்துங்கன்னுட்டுப் போயிருவாரு. அதான் ரிப்பேருன்னு சொல்லீட்டு, பாட்டுப் பொட்டியக் கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். ஆமாங்க, இந்தப் பைக்குள்ளதான். ஒயரும் இருக்குது. திருப்பூர்ல குடுத்தா விசயம் வெளிய வந்துரும், தாராபுரத்துல ஒரு கடையில நம்பர் போட்டுக் குடுப்பாங்கன்னு கெளம்பினேன், பாத்தா பக்கத்து சீட்டுலயே உங்களைக் கொண்டாந்து வெச்சிருக்கறாரு பிள்ளையாரு. இன்னமும் அவினாசிபாளையமே தாண்டல தம்பி. அந்த லேப்டாப்பைத் தொறந்து, இதுல மறுக்கா ஒண்ணுன்னு போட்டுக் குடுத்துருங்க.

போட்டா என்னாகும்ங்கறீங்க? நெட்டு நின்னுரும், அது எனக்குத் தெரியாதுங்களா! நிக்கட்டுமுங்க. பரிவட்டம் கட்டற வரைக்கும் நின்னாப் போதும். அப்பறம் நானே ஒயரைப் புடுங்கீர்றேன். என்னை அப்புடிப் பாக்காதீங்க. நானென்ன திருடவா சொன்னேன்? தொறங்க கண்ணு, தொறங்க. ஆ, அந்தப் பக்கம் சொருகோணும்.

இருங்க, போன் அடிக்குது. அட கெரகமே, அந்தப் புள்ளைதான். சத்தம் போடாதீங்க.

ஆ, சொல்லு அம்மிணி. பஸ்ஸுல. ரிப்பேருக்குத்தான். என்னது? சுவிட்ச்சு சொல்லிருச்சா? பொட்டியக் கழட்டுன ஒடனே அதுல காட்டுமா? அதுக்கு ஆரு எடம் குடுத்தா அடுத்தவங்க சோலியப் பாக்கறதுக்கு? இல்ல அம்மிணி, நான் ஒண்ணும் நம்பர் மாத்தல. இதுவரைக்கும் மாத்தல. ஆமா. ஆமா, பக்கத்துல ஒரு தம்பி இருக்கறாரு. ம். என்ன சொல்ற? மறுக்காச் சொல்லு. நீயேவா? பூசை நேரத்துக்கு மட்டுமா? மொதலாளி கேட்டா? மெயின்டனன்ஸா. அப்ப நீயும் வா அம்மிணி, முன்னால வந்து நில்லு, நான் எடம் போட்டு வெக்கறேன். ஏன்? ஏன் வர முடியாது? ஓ. ம். சரி. சரி அம்மிணி.

தம்பி, லேப்டாப்பை மூடிக்கங்க. வேண்டாம். பொட்டியக் குடுங்க, உள்ள வெச்சுக்கறேன்.

நாளைக்குப் பூசைக்கு அதே நெட்டை நிறுத்தி வெக்குதாமா. "எல்லாரும் வருவாங்கண்ணே, நீங்க தைரியமாத் துணியக் கட்டிக்கங்க, சாமியக் கோத்து விட்டு மறுபடியும் வம்புல மாட்டாதீங்க"ங்குது. ஆனா அது வராதாமா. நெட்டு நின்னா ஆளாளுக்குப் போன் அடிப்பாங்களாமா, சுவிட்ச்சு ரூமுல உக்காந்து பதில் சொல்ல ஒரு ஆளு வேணுமாமா.

சந்தோசமாத்தானுங்களே இருக்கோணும் நானு? கூட்டம் வரும், துணி ஏறும், வெள்ளியங்கிரிக்குப் போட்டோ போகும். என்னமோ மாதிரி இருக்குதுங்க. தெனமும் வந்த ஒரே ஆளு, நாளைக்குத்தான் இல்ல.

இல்ல, ஒண்ணு பண்ணலாம். பரிவட்டத்தைக் கழட்டாம, மாலையோடயே நேரா அந்த ரூமுக்குப் போயிர்றேன். மொத விபூதி, மொத சுண்டல், அந்தப் புள்ளைக்கு. மொதலாளிக்கு அப்பறம் பாத்துக்கலாம், அவரு நாப்பத்தேழுதானே.

கையோட சந்தனமும் எடுத்துட்டுப் போகோணும். அந்த சுவிட்ச்சுக்கும் ஒரு பொட்டு வெச்சுட்டு வந்தர்றேன். எப்புடியிருந்தாலும் இப்ப ஒண்ணாம் நம்பர் அதுதானுங்களே.